மூன்றும் ஒன்றுதானே என்று நினைத்தோம்!

"கார் வாங்கறதுல உனக்கென்ன தெரியும்? புடவைக் கடையா அது, நாலு புரட்டிப் பார்த்து எடுக்கறதுக்கு?" என்று என் அண்ணனே கேலி செய்தான்.

எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் கடைசியில் நான் செய்தது அதைத்தான்! மூன்று பழைய டீசல் கார்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தேன். அந்தக் கதையை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நம்மில் எத்தனையோ வீடுகளில் கார் வாங்கும்போது நம்முடைய வேலை, எலுமிச்சம்பழம் வாங்கி வைப்பதோடு முடிந்துவிடுகிறது. பணம் மட்டும் நம் சீட்டிலிருந்தும் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் போகிறது!

எங்கள் வீடு உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இருதயமும் பலவீனமாக இருப்பதால் மதுரையில்தான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகவர எண்பது கிலோமீட்டர். ஆரம்பத்தில் பஸ்ஸில் அழைத்துப் போனேன். ஒரு நாள் மாலை, டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் ரத்த அழுத்தம் இறங்கி, நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்துவிட்டார். யாரோ ஒரு அம்மா தண்ணீர் கொடுத்து, மடியில் தலையை வைத்துக்கொண்டார்கள். அன்றிரவு வீட்டுக்கு வந்து, "இனிமே பஸ் வேண்டாங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

வாடகைக் கார் ஒரு தடவைக்கு 1,800 ரூபாய் கேட்டார்கள். மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று தடவை. கட்டுப்படியாகுமா? அவர் பள்ளிக்கூட வேலையை விட்டு வர முடியாது. ஆகவே நானே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தேன். சீட்டுப் பணம் இரண்டரை லட்சம். என் அம்மா போட்ட வளையல் இரண்டையும் வங்கியில் வைத்து ஒன்றரை லட்சம். ஆக, நான்கு லட்சம். இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. இது 2024-ல் நடந்தது.

டீசல்தான் வேண்டுமா?

முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான் போட்டது இது:

அப்போது எங்கள் பக்கம் பெட்ரோல் லிட்டர் சுமார் 101 ரூபாய்; டீசல் சுமார் 93. ஏ.ஸி. போட்டு ஓட்டினால் பழைய சிறிய டீசல் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் என்று வைத்துக்கொண்டேன். பெட்ரோல் கார் 14. அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு டீசலில் ஐந்து ரூபாய் சொச்சம், பெட்ரோலில் ஏழு ரூபாய் சொச்சம். வித்தியாசம் இரண்டு ரூபாய்.

எங்களுக்கு மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம். மிச்சம் 2,000 ரூபாய், வருஷத்துக்கு 24,000. நாங்கள் பார்த்தவரையில் அதே வருஷத்துப் பெட்ரோல் வண்டி ஐம்பதாயிரம் குறைவாகக் கிடைத்தது. இரண்டு வருஷத்தில் அந்த வித்தியாசம் சரியாகிவிடும். அதனால் எங்களுக்கு டீசல் சரி.

ஆனால் நீங்கள் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகவும் மாதம் இருநூறு கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால், மிச்சம் 400 ரூபாய்! டீசல் இன்ஜினுக்குப் பழுது வந்தால் செலவும் பெரிசு. உங்களுக்குப் பெட்ரோலே மேல். இன்னொன்றும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 சட்டம் வந்த பிறகு தயாரான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. அவ்வப்போது நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். தெருவுக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும்.

எங்கள் பணத்துக்கு 2015-ம் வருஷ வண்டிதான் கிடைக்கும் என்று தெரிந்தது. எந்த இன்ஜின் என்று விசாரித்தபோது, எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஒரு நல்ல தகவல் சொன்னார். ஃபியட் கம்பெனி வடிவமைத்த 1248 சி.சி. டீசல் இன்ஜின் ஒன்று, மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல கார்களில் வெவ்வேறு பெயரில் வந்திருக்கிறதாம். மல்டிஜெட், டி.டி.ஐ.எஸ்., குவாட்ராஜெட் எல்லாம் அதன் பெயர்களே. பி.எஸ்.6 வந்ததோடு மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆனாலும் அத்தனை லட்சம் வண்டிகள் ஓடுவதால், சிறிய ஊரில்கூட வேலை தெரிந்தவர்களும் உதிரி பாகமும் கிடைக்கும். "அந்த இன்ஜின் வண்டியாப் பாருங்க தங்கச்சி" என்றார்.

பார்த்தோம். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே வருஷத்து வண்டிகள் மூன்று கிடைத்தன. பெயர் இங்கே வேண்டாம். பாடம் எல்லா வண்டிக்கும் பொதுதான்.

வெள்ளை: 62,000 கிலோமீட்டர். விலை 3,45,000.
சாம்பல்: 85,000 கிலோமீட்டர். விலை 3,10,000.
சிவப்பு: 1,24,000 கிலோமீட்டர். விலை 3,75,000.

"இதிலென்ன யோசனை? ஓட்டம் குறைச்சல், விலையும் நடுவாந்திரம். வெள்ளைதான்!" என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்லவேளை, அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

வெள்ளை வண்டியின் காலடி

மதுரையில் ஒரு தரகரிடம் இருந்தது வெள்ளை. பளபளவென்று புதுப்பெண் மாதிரி நின்றது. "சிங்கிள் ஓனர் மேடம், டாக்டர் வண்டி" என்றார். ஸ்டார்ட் செய்தார், ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது.

நான் சும்மா இருக்காமல் பானெட்டின் மேல் கையை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சூடு! நாங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓட விட்டிருக்கிறார். டீசல் இன்ஜினின் நோயெல்லாம் குளிர்ந்திருக்கும்போதுதான் தெரியும் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் காலை ஆறரை மணிக்கு, சொல்லாமல் அவரையும் அழைத்துக்கொண்டு போய் நின்றோம்.

சாவியைத் திருப்பியதும் சுருள் கம்பி போல ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். செய்தால்... இழுத்தது, இழுத்தது, ஏழெட்டு விநாடி இழுத்துத்தான் பிடித்தது. புகையும் நிற்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கறுப்பாகக் கக்கியது. "இன்ஜெக்டர் நாலும் பார்க்கணும்" என்று என் காதோடு சொன்னார் அண்ணன்.

நான் உள்ளே உட்கார்ந்தேன். கிளட்சை மிதித்தால் கால் வலித்தது. பாதிக்கு மேல் தூக்கிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். குனிந்து பார்த்தேன். பெடலின் ரப்பரில் வரிகளே இல்லை, வழுவழுவென்று அம்மிக்கல் மாதிரி! ஸ்டீயரிங்கும் அப்படித்தான். ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கிக் கிடந்தது. 62,000 கிலோமீட்டரில் இப்படித் தேயுமா? பானெட்டைத் திறந்தபோது ஓரமாக ஒட்டியிருந்த, எண்ணெய் படிந்த ஒரு சீட்டு கண்ணில் பட்டது. துடைத்துப் பார்த்தால், பழைய ஆயில் சர்வீஸ் சீட்டு. 'அடுத்த சர்வீஸ் 1,20,000 கி.மீ.'

மீட்டரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள்! பரிவாகன் இணையத்தில் வண்டி எண்ணைப் போட்டு விவரம் எடுத்தோம். 'சிங்கிள் ஓனர்' என்றாரே, ஓனர் வரிசையில் மூன்று என்று இருந்தது.

சாம்பல் வண்டியின் வாசனை

விலை குறைவு என்று சாம்பல் வண்டியைப் பார்க்கப் போனோம். கதவைத் திறந்ததும் மல்லிகை சென்ட் வாசனை குப்பென்று அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. மழைக்காலத்தில் காயாத துணியை மடித்து வைத்தால் வருமே, அது! அந்த வாசனையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பின் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வெளியே தெரியும் பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளேயிருந்து வந்த பகுதியில் செம்மண் கோடு. டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்துப் பார்த்தால் அடியில் வண்டல். இருக்கை ஆணிகளில் துரு. 2023 டிசம்பரில் வெள்ளம் வந்த ஊரிலிருந்து வந்த வண்டி அது. கழுவி, பாலிஷ் போட்டு, சென்ட் அடித்துவிட்டார்கள். தண்ணீர் புகுந்த வண்டியில் ஒயர் இணைப்புகள் உள்ளுக்குள் பூத்துப்போய், எப்போது எது நிற்கும் என்று சொல்ல முடியாது. டயாலிசிஸ் முடிந்த அத்தையை வைத்துக்கொண்டு இருட்டில் நடுரோட்டில் நிற்க முடியுமா? அதற்கு மேல் பேசவேயில்லை.

சிவப்பு வண்டியின் ஃபைல்

சிவப்பு வண்டியைப் பார்க்க அரை மனதோடுதான் போனோம். ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு மற்ற இரண்டையும்விட விலை அதிகமா? பம்பரில் கீறல் வேறு.

வண்டிக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். தினமும் தேனிக்குப் போய்வந்தாராம். "எத்தனை மணிக்கு வேணும்னாலும் வாங்க, வண்டியைத் தொட மாட்டேன்" என்றார். காலை ஆறு மணிக்குப் போனோம். பானெட் ஜில்லென்றிருந்தது. மஞ்சள் விளக்கு அணைந்தது, ஒரு திருப்பு, பிடித்துக்கொண்டது. லேசாக ஒரு வெள்ளைப் புகை. அரை நிமிஷத்தில் அதுவும் மறைந்தது.

அவர் மனைவி உள்ளேயிருந்து காபியும் ஒரு ஃபைலும் கொண்டு வந்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் தேதிவாரியாகக் கோத்திருந்தது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், டீசல் ஃபில்டர். 96,000-ல் கிளட்ச் மாற்றியது வரை எல்லாம். "நாந்தாம்மா எழுதி வைப்பேன். இவருக்கு மறந்துடும்" என்றார் அந்த அம்மா. எனக்கு அந்த இடத்திலேயே மனசு நிறைந்துவிட்டது.

நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடிய ஒன்றேகால் லட்சம், ஊருக்குள் கிளட்சை மிதித்து மிதித்து ஓடிய அறுபதாயிரத்தைவிட இன்ஜினுக்கு நல்லது என்றார் மெக்கானிக் அண்ணன். ஆயில் மூடியைத் திறந்து, இன்ஜின் ஓடும்போதே அதன் மேல் தலைகீழாகச் சும்மா வைத்தார். மூடி துள்ளவில்லை, புகையும் குபுகுபுவென்று வரவில்லை. உள்ளே ரிங் தேயவில்லை என்பதற்கு அது அடையாளமாம். ஆயில் கறுப்பாக இருந்ததைப் பார்த்து நான் பயந்தேன். "டீசல்ல ஆயில் மாத்தின நாலு நாள்லயே கறுத்துடும் தங்கச்சி. தயிர் மாதிரி வெளுத்துக் கெட்டியா இருந்தாத்தான் பயப்படணும், தண்ணி கலக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

இன்னொரு வித்தியாசமும் அப்போதுதான் தெரிந்தது. பெயரும் வருஷமும் ஒன்றானாலும் ரகம் வேறு! சிவப்பு உயர்ந்த ரகம். முன்னால் இரண்டு ஏர்பேக்கும், வழுக்காமல் பிரேக் பிடிக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இருந்தன. வெள்ளையில் இரண்டுமே இல்லை. ஓட்டுநருக்கு ஏர்பேக், ஏ.பி.எஸ். ஆகியவை நம் நாட்டில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019-ல்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் கேட்டே ஆக வேண்டும், முக்கியமாகக் குழந்தை இருக்கும் வீட்டில். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும் கோளாறு.

மறுநாள் அத்தையையே அழைத்துப் போய் உட்கார வைத்தேன். அவருக்கு டயாலிசிஸ் ஊசி போடும் கை இடது கை. அந்தக் கை எதிலும் இடிபடக் கூடாது. டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் இடது கை உள்பக்கமாக வந்துவிடுகிறது, கதவில் படாது. ஏறி இறங்கிப் பார்த்தார். "வாசமே அடிக்கலைம்மா. எனக்குக் குமட்டாது" என்றார். அவருடைய சர்டிபிகேட்டும் கிடைத்தாயிற்று!

வீடு வந்து சேரும் விலை

அன்றிரவு நோட்டில் இரண்டு வரிசை எழுதினேன். கேட்ட விலையை மட்டும் பார்க்காமல், வண்டி ஓடத் தயாராக வீட்டு வாசலில் நிற்கும்வரை ஆகும் செலவு முழுவதையும் கூட்டினேன்.

வெள்ளை: விலை 3,45,000. இன்ஜெக்டர் 40,000, கிளட்ச் 15,000, சர்வீஸ் 8,000, இன்ஷூரன்ஸ் 7,000, பெயர் மாற்றம் 3,000. மொத்தம் 4,18,000.

சிவப்பு: டயர் நான்கும் தேய்ந்திருந்தன; இன்ஷூரன்ஸும் முடியப் போகிறது. அதைச் சொல்லி, பேசி, 3,55,000-க்கு முடித்தோம். டயர் 18,000, சர்வீஸ் 8,000, இன்ஷூரன்ஸ் 7,000, பெயர் மாற்றம் 3,000. மொத்தம் 3,91,000.

முப்பதாயிரம் மலிவு என்று நினைத்த வண்டி இருபத்தேழாயிரம் அதிகம்! அவர் நோட்டை இரண்டு தடவை பார்த்தார். "உங்க அண்ணனுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்றார்.

காகிதத்தில் ஏமாறாதீர்கள்

ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். கடன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருக்கும். அவர்கள் தடையில்லாச் சான்றும் 35-ம் நம்பர் படிவமும் கொடுத்தால்தான் அது நீங்கும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 என்று இரண்டு படிவங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. முதலில் 15 வருஷம்தான் செல்லும். எங்கள் வண்டிக்கு 2030 வரை. அதற்குப் பிறகு பரிசோதனை செய்து, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தில்லிப் பக்கம் பத்து வருஷம் தாண்டிய டீசல் கார்களுக்கு 2015-ல் தடை உத்தரவு வந்து, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு அதில் மாற்றங்கள் வந்தாலும், அங்கிருந்து மலிவாக வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. வெளிமாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபடி வரி கட்டிப் பதிய வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்த பிறகு மலிவா என்று சொல்லுங்கள்!

போகும்போது எடுத்துப் போக ஒரு சீட்டு

1. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்.

2. புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாத வெள்ளை என்றால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசியலாம். தொடர்ந்து கறுப்பு என்றால் ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜெக்டர், டர்போ வரை எதுவாகவும் இருக்கலாம்.

3. பெடல், ஸ்டீயரிங், இருக்கை மூன்றும் மீட்டரோடு ஒத்துப்போகிறதா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர்.

4. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் பாருங்கள்.

5. கதவு, பானெட் இடைவெளிகள் இரு பக்கமும் சமமா? பானெட் ஆணிகளில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

6. ஓட்டப் போவது நீங்கள் என்றால் நீங்களே ஓட்டிப் பாருங்கள். உங்கள் கால், உங்கள் கை.

7. சொந்த மெக்கானிக் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எங்கள் அண்ணன் வாங்கிக்கொண்டது 500 ரூபாய்.

8. குழந்தைகளை சைலன்சருக்குப் பின்னால் நிற்க விடாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதி செய்திருக்கிறது.

சிவப்பு வண்டி செலவே வைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பாட்டரி மாற்றினோம், ஏ.ஸி. ஒரு தடவை ரிப்பேர் ஆயிற்று. ஆனால் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியும், ஒரு நாளும் எங்களை ரோட்டில் நிறுத்தியதில்லை. வளையலில் ஒன்றை மீட்டாயிற்று. இன்னொன்று தைக்குள் வந்துவிடும்.

டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அத்தை பின் இருக்கையில் சாய்ந்து தூங்கிவிடுகிறார். நான் மெதுவாக ஓட்டுகிறேன். அந்த ஆசிரியர் வீட்டு அம்மா கொடுத்த ஃபைல் இப்போது என் பீரோவில். ஒவ்வொரு பில்லையும் நானும் அதில் கோத்து வருகிறேன். நாளைக்கு யாராவது இந்த வண்டியை வாங்க வந்தால், காபியோடு அதையும் கொண்டுவந்து வைக்க வேண்டும் இல்லையா?